இறக்கத்தில் வலிக்கும் கால்

(தேனி மாவட்ட ஆசிரியர் கூட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் உட்கார்ந்துகொண்டுதான் பேசப்போகிறேன். மைக்கை இறக்கிக் கொடுத்த தம்பிக்கு நன்றி. 27 வருடம் நின்றே பேசிப் பழகிய நான் இன்று ஏன் உட்காருகிறேன் என்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. முதுகுத்தண்டுக் குழல் சுருக்கம் என்று தமிழில் சொல்லலாம். மருத்துவமனைச் சீட்டில் ஸ்பைனல் ஸ்டெனோசிஸ் என்று எழுதியிருப்பார்கள். நான் மருத்துவர் இல்லை. நோயாளி, அதோடு கணக்கு டீச்சர். இரண்டையும் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். கம்பம்மெட்டு ஏறி, கேரள எல்லைக்குள் இருக்கும் தோட்டங்களுக்கு. இப்போது விடிகாலையில் ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு மலையேறுவதைப் பார்க்கிறோம். அம்மா காலத்தில் பல நாள் நடைதான். ஐம்பதைத் தாண்டியபின் அவருக்கு ஒரு விசித்திரமான வலி வந்தது. "ஏறையில ஒண்ணும் தெரியலடி. எறங்கையிலதான் ரெண்டு காலும் செத்துப்போகுது" என்பார்.

ஏலச்செடியில் காய் மேலே தொங்காது. தூரில், தரையை ஒட்டி வரும். குனிந்தும் குத்தவைத்தும் நாள் முழுவதும் காய் எடுக்க அம்மாவால் முடிந்தது. வேலை முடிந்து நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தால்தான் தொல்லை. நூறு அடிக்கு ஒரு தடவை ஏதாவது கல்லில் உட்காருவார். இரண்டு நிமிடம் குனிந்து உட்கார்ந்தால் கால் சரியாகிவிடும். மறுபடி நூறு அடி. "வேலை செய்யையில நல்லாருக்கு, வீட்டுக்குப் போகையில மட்டும் நொண்டுதாக்கும்" என்று தோட்டத்தில் கேலி செய்வார்களாம். கேலி செய்தவர்களை நான் குறைசொல்ல முடியாது. பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்த நானே, "மலை ஏற முடியுதாம், எறங்க முடியலையாம். யாரும்மா இதை நம்புவாங்க?" என்று கேட்டிருக்கிறேன். அம்மா பதில் சொல்லவில்லை. 2009-இல் அவர் இறந்தபோதும் அந்த வலிக்கு எங்கள் வீட்டில் "வயசாச்சு" என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

இனி என் கதை. கொரோனாவுக்குப் பின் 2021 செப்டம்பரில் 9 முதல் 12 வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தார்கள். எனக்கு அப்போது 53 வயது. ஒன்றரை வருடம் வீட்டில் செல்போன் முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்திவிட்டு மறுபடி வகுப்பில் நின்றேன். பத்து நிமிடத்தில் இடுப்புக்குக் கீழே ஒரு கனம். பின்தொடை, கெண்டைக்கால், பாதம் என்று இறங்கி, கடைசியில் காலே மரத்துவிடும். மாணவர் பெஞ்சில் கையூன்றிக் குனிந்தால் குறையும். அதனால் நோட்டுத் திருத்துவது போலக் குனிந்து குனிந்தே வகுப்பை ஓட்டினேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கொடிக்கம்பத்துப் பக்கமாகப் போய் நின்றுகொள்வேன். ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், கேட்காமலேயே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. ஸ்டூலைத் திருப்பி அனுப்பினேன்.

அடுத்து நான் செய்த தவறுகளைச் சொல்லிவிடுகிறேன், உங்களில் பலர் இப்போது அவற்றைச் செய்துகொண்டிருக்கலாம். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை வாங்கி ஆறு மாதம் விழுங்கினேன். அந்த டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் வயிற்றில் புண் உண்டாக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனக்கு வயிற்றில் வைத்துக் காட்டியது. அடுத்ததாக, நரம்பு தட்டி எடுப்பவர் ஒருவரிடம் போய் முதுகை மிதிக்கக் கொடுத்தேன். பக்கத்து வீட்டில் முதுகுவலிக்கு நல்லது என்றார்கள் என்று தினமும் புஜங்காசனம் செய்தேன். செய்யச் செய்ய மோசமானது. ஆசனத்தின் மேல் தப்பில்லை. சிலவகை முதுகுவலிக்கு அது உதவுகிறது. என் நோய்க்கு அது நேர் எதிர். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கடைசியில் நானே போய் எம்.ஆர்.ஐ. எடுத்து, அந்தப் படத்தை ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த நேரம் ஒரு நிமிடம் இருக்கும். "இந்த வாரமே ஆபரேஷன், ரெண்டு இடத்துல ஸ்க்ரூ போடணும், இல்லன்னா கால் போயிடும்" என்றார்கள். நான் எத்தனை அடி நடப்பேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து விருப்ப ஓய்வு விண்ணப்பம் எழுதினேன். அனுப்பவில்லை. என் கணவர்தான் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுக்கலாம் என்றார்.

அங்கே இருந்த மருத்துவர் என் மாணவன் வயதில் இருந்தார். படத்தை நீட்டினேன். "இருக்கட்டும் டீச்சர், அப்புறம் பார்க்கலாம்" என்று ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார். எவ்வளவு தூரம் நடந்ததும் வலிக்கிறது? வலித்தால் சும்மா நின்றாலே போகிறதா, இல்லை உட்கார வேண்டுமா, குனிய வேண்டுமா? சைக்கிளோ வண்டியோ ஓட்டும்போது வலிக்கிறதா? மேட்டில் ஏறுவது கஷ்டமா, இறங்குவது கஷ்டமா?

கடைசிக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். வலியில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார். 25 வருடத்துக்கு முன்னால் அம்மாவிடம் யாராவது இதைக் கேட்டிருந்தால் என்றுதான் அழுதேன்.

பிறகு என்னை வராண்டாவில் நடக்கவிட்டு, கூடவே நடந்தார். குதிகாலால் நடக்கச் சொன்னார், விரல் நுனியால் நடக்கச் சொன்னார், பாதத்தில் நாடி தொட்டுப் பார்த்தார். அதன் பிறகுதான் படத்தைப் பார்த்தார்.

அவர் எனக்கு விளக்கியதை உங்களுக்கு வளையல்களை வைத்துச் சொல்கிறேன். ஐந்து வளையல்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்குங்கள். நம் இடுப்புப் பகுதியில் உள்ள ஐந்து முள்ளெலும்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் ஓட்டைகள் சேர்ந்து ஒரு குழல் ஆகிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதலாம் இரண்டாம் இடுப்பெலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் போல நரம்புக் கற்றை தொங்குகிறது. பெயரே குதிரைவால்தான். கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் நரம்புகள் அதில் இருக்கின்றன. வயதாக ஆக முன்பக்கத்திலிருந்து வட்டு பிதுங்குகிறது, இரண்டு பக்கமும் மூட்டுகள் தடிக்கின்றன, பின்பக்கத்தில் மஞ்சள் இழைநார் என்ற பட்டை தடித்துப்போகிறது. மூன்று பக்கமும் ஆக்கிரமிப்பு, நடுவில் ஒற்றையடிப் பாதை. சாதாரணமாக இந்தக் குழலின் முன்பின் அகலம் 15 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். 10-க்குக் கீழே போனால் தீவிரச் சுருக்கம் என்பது ஒரு பழைய அளவு. பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில்தான் முதலில் நெருக்குகிறது. எனக்கும் அங்கேதான்.

நிமிர்ந்தாலோ பின்னால் சாய்ந்தாலோ அந்தப் பட்டை உள்பக்கமாக மடிந்து குழலை இன்னும் அடைக்கிறது. குனிந்தால் பட்டை இழுபட்டுக் குழல் விரிகிறது. அவ்வளவுதான் விஷயம். மேடு ஏறும்போது நம் உடம்பு தானாக முன்னால் சாய்கிறது. இறங்கும்போது சமநிலைக்காகப் பின்னால் சாய்கிறது. சைக்கிளில் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து உட்காருகிறோம், வலி இல்லை. புஜங்காசனத்தில் முதுகைப் பின்னால் வளைக்கிறோம், வலி கூடுகிறது. ஏலச்செடித் தூரில் குனிந்தால் வலி இல்லை. கம்பம்மெட்டில் இறங்கினால் கால் செத்துப்போகிறது. அம்மா சொன்னது அத்தனையும் உடற்கூறியல். பொய் ஒரு வரிகூட இல்லை.

ஹாலந்து நாட்டு நரம்பு அறுவை மருத்துவர் ஹெங்க் வெர்பீஸ்ட் இந்த நடைவலியைத் தெளிவாக விவரித்து ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியது 1954-இல். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1949-இல், வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிவிட்டார். ஆக, அம்மா தோட்ட வேலைக்குப் போக ஆரம்பிக்கும் முன்பே இந்த நோய்க்குப் பெயரும் இருந்தது, பார்க்க ஆளும் இருந்தார்கள். எங்கள் தெரு வரை வந்து சேரவில்லை.

வயது மட்டுமே காரணம் இல்லை. சிலருக்குப் பிறவியிலேயே குழல் குறுகல். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு ஒரு முள்ளெலும்பு மற்றதன்மேல் சற்று முன்னால் நழுவுவதும் அதிகம். தர்மபுரிப் பக்கம் வேலை பார்த்துவிட்டு மாறுதலில் வந்தவர்கள் இங்கே இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்தால் பல்லில் கறை படிவதோடு நிற்காது. பல வருடம் குடித்தவர்களுக்கு இழைநார்கள் எலும்பாக இறுகி முதுகுத்தண்டுக் குழலை அடைக்கும். அன்றைய சென்னை மாகாணத்தில், நெல்லூர்ப் பகுதியில் இதைக் கண்டு 1937-லேயே எழுதிவிட்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததற்குப் பின்னால் இருக்கும் காரணம் இதுதான்.

காலில் வரும் எல்லா வலியும் இது ஆகாது. இதைப் பிரித்துத் தெரிந்துகொள்வது முக்கியம். நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, உட்காராமல் சும்மா நின்றாலே ஓரிரு நிமிடத்தில் போய்விடுகிறதா? அது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அதிகம். மருத்துவர் பாதத்தில் நாடி பார்த்தது அதற்காகத்தான். நடந்தாலும் படுத்தாலும் ஒரே மாதிரி உள்ளங்கால் எரிச்சல், ராத்திரியில் அதிகம் என்றால் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பைப் பார்க்க வேண்டும். வைட்டமின் பி12 குறைந்தாலும் மரத்துப்போகும். வட்டு பிதுங்கிய சயாட்டிகாவில் பெரும்பாலும் உட்கார்ந்தாலும் குனிந்தாலும் வலி கூடும், எங்களுக்கு நேர்மாறாக. காய்ச்சல், எடை குறைவது, ஓய்விலும் ராத்திரியிலும் விடாத முதுகுவலி என்றால் முதுகெலும்புக் காசநோயும் கட்டியும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை மறக்க முடியாது.

எம்.ஆர்.ஐ. பற்றிக் கணக்கு டீச்சராக ஒன்று சொல்கிறேன். 1990-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். முதுகுவலியே வந்திராத 67 பேருக்குப் படம் எடுத்தார்கள். அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், சுமார் 21 விழுக்காட்டினரின் படத்தில் குழல் சுருக்கம் இருந்தது. வலி கிடையாது, படத்தில் மட்டும் நோய். அதனால் "படத்தில் இருக்கிறது" என்பது ஒரு சான்று மட்டுமே, தீர்ப்பு அல்ல. நடக்கும் தூரமும், குனிந்தால் குறைவதும், உடல் பரிசோதனையும், படமும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் கணக்குச் சரி. முதல் நாள் மருத்துவரிடம் போகும்போது என் கையில் படம் இருந்தது, நோட்டு இல்லை. இன்று யாராவது என்னிடம் கேட்டால், படம் எடுக்கப் போவதற்கு முன்னால் இரண்டு வாரம் நோட்டுப் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

நோட்டு என்றால் இதுதான். எங்கள் பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் 14 மின்கம்பங்கள். கம்பத்தில் பிறந்தவள் கம்பம் எண்ண ஆரம்பித்தேன். எத்தனையாவது கம்பத்தில் வலி தொடங்கியது, எதில் உட்கார்ந்தேன், எத்தனை நிமிடத்தில் எழுந்தேன். ஆரம்பத்தில் மூன்று கம்பம்.

சிகிச்சை என்ன என்று கேட்பீர்கள். மருத்துவர் எனக்கு ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றார். காலில் பலம் குறையவில்லை, சிறுநீரில் கோளாறு இல்லை. இந்த நிலையில் உள்ள பலருக்குப் பல வருடம் அப்படியே இருக்கும், சிலருக்குக் குறையும், சிலருக்குக் கூடும், காத்திருந்து பார்ப்பதில் ஆபத்தில்லை என்றார். இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார். மல்லாந்து படுத்து முழங்காலை மார்புக்கு இழுப்பது, வயிற்றுத் தசையையும் இடுப்புத் தசையையும் பலப்படுத்துவது, நிற்கும் சைக்கிளை மிதிப்பது, வலி உச்சத்துக்கு வருமுன் உட்கார்ந்து மறுபடி நடப்பது. நான் எதிர்பார்த்தது பெரிய சிகிச்சை. இதைச் செய்யவா க.விலக்கு வரை பஸ்ஸில் வந்தோம் என்று முதல் வாரம் சலிப்பாக இருந்தது. நான்கு மாதத்தில் மூன்று கம்பம் ஆறானது. இன்று நல்ல நாளில் பதினொன்று. பதினாலு இன்னும் எட்டவில்லை. குழல் விரிந்துவிடவில்லை, அது அப்படியேதான் இருக்கிறது. நான்தான் அதோடு நடக்கப் பழகினேன்.

எல்லோருக்கும் இது போதும் என்று நான் சொன்னால் பொய் சொன்னவள் ஆவேன். 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அறுவைக்குத் தகுதியும் சம்மதமும் உள்ள 169 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அறுவை, மறுபாதிக்கு இயன்முறைப் பயிற்சி. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றம். ஆனால் பயிற்சிக் குழுவில் 57 விழுக்காட்டினர் இடையிலேயே அறுவைக்கு மாறிவிட்டார்கள். இதை எப்படிப் படிப்பது என்று ஆசிரியர் ஓய்வறையில் நீங்கள் வாதாடலாம். நான் படிப்பது இப்படி. முதலில் பயிற்சியை முயன்று பார்ப்பதில் இழப்பு இல்லை, பலருக்குப் பிறகு அறுவை தேவைப்படும், அப்படித் தேவைப்பட்டால் தோற்றுவிட்டோம் என்று அர்த்தமில்லை.

அறுவை என்றால் பெரும்பாலும் பின்பக்க எலும்பிலும் தடித்த பட்டையிலும் கொஞ்சம் எடுத்து நரம்புக்கு இடம் கொடுப்பது. கால் வலிக்கு அது நன்றாகக் கேட்கும், முதுகுவலிக்கு அந்த அளவு கேட்காது. இதை முன்பே தெரிந்துகொண்டு போகாவிட்டால் ஏமாற்றமாக இருக்கும். ஸ்க்ரூ வைத்து எலும்புகளை இணைப்பது வேறு வேலை. 2016-இல் ஸ்வீடனில் 247 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. இடம் கொடுக்கும் அறுவையோடு இணைப்பையும் சேர்த்துச் செய்ததால் கூடுதல் நன்மை தெரியவில்லை. எலும்பு அதிகம் நழுவி ஆடுகிறவர்களுக்கு இணைப்புத் தேவைப்படலாம். அதனால் "ஸ்க்ரூ" என்ற சொல் வந்தால், "எனக்கு ஏன் வேண்டும், எலும்பு நழுவியிருக்கிறதா, நழுவல் ஆடுகிறதா?" என்று கேளுங்கள். கேட்பதால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். முதுகில் ஸ்டீராய்டு ஊசியும் போடுவார்கள். சிலருக்குக் கொஞ்சகாலம் ஆறுதல், நிரந்தரமில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது எங்கள் பள்ளிச் சத்துணவு அமைப்பாளர் அக்காவைப் பற்றி. அவர்தான் "என் கதையைச் சொல்லு டீச்சர், பேர் மட்டும் சொல்லிராத" என்றார்.

அக்காவுக்கும் என்னைப் போலவே கால் வலி. அடுப்படியில் முக்காலி போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, சேலையைச் சரிசெய்யும்போது உட்காரும் இடத்திலும் தொடை இடுக்கிலும் உணர்ச்சியே இல்லை என்று தெரிந்திருக்கிறது. சிறுநீர் கழிக்கப் போனால் வரவில்லை. பிறகு தெரியாமல் போய்விடுகிறது. யாரிடம் சொல்வது? வெட்கம். பள்ளியில் இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் தெரியும், காலையிலிருந்து மாலை வரை அடக்கி அடக்கி நமக்கு அது ஒரு பழக்கம். அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார். சனி, ஞாயிறு போனது. திங்கட்கிழமை வலது பாதம் தூக்கவில்லை, செருப்பு கழன்று கழன்று விழுந்தது. அப்போதும் என்னிடம் செருப்பைப் பற்றித்தான் சொன்னார். மற்றதை நான் கேட்டேன். ஏனென்றால் என் மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். உட்காரும் இடம் மரத்தால், சிறுநீர் வராமல் போனால் அல்லது கட்டுப்பாடு இழந்தால், மலம் கட்டுப்பாடு இழந்தால், பாதம் தொங்கினால், கால் பலம் வேகமாகக் குறைந்தால் அன்றைக்கே, அந்த மணிக்கே, அவசர சிகிச்சைப் பிரிவு. புறநோயாளிச் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கக் கூடாது.

108-ஐ அழைத்தோம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அன்று இரவே அறுவை நடந்தது. கால் வந்துவிட்டது, நடக்கிறார், சமைக்கிறார். சிறுநீர்க் கட்டுப்பாடு முழுதாகத் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமையே போயிருந்தால் திரும்பியிருக்குமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்" என்றார். அந்த மூன்று நாளில் சனிக்கிழமை நான் அக்காவோடு ஒரு கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கேட்கத் தோன்றவில்லை.

கழுத்திலும் இதே சுருக்கம் வரும். அது இன்னும் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் அங்கே நெருக்கப்படுவது தண்டுவடமே. வலி இல்லாமலும் வரும். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறும், சாக்பீஸ் நழுவும், கரும்பலகை எழுத்து மாறும், நடக்கும்போது கால் பின்னும். உங்கள் சக ஆசிரியரின் கையெழுத்து ஒரே வருடத்தில் கோணலானால் கிண்டல் செய்யாதீர்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள். பலகையில் உயரத்தில் எழுதும்போது நாம் கழுத்தை அண்ணாந்துதான் வைக்கிறோம். நம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நாள் முழுக்க அண்ணாந்து வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்! அண்ணாந்தால் கழுத்துக் குழலும் குறுகும். பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அதைக் கவாத்து செய்கிறவர்களின் கழுத்தை யாராவது பார்த்தால் இன்னும் சந்தோஷம். அவர்கள்தான் நம் பிள்ளைகளின் பெற்றோர்.

பணத்தைப் பற்றி இரண்டு வரி. நம் சம்பளத்தில் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். 2021 ஜூலையில் தொடங்கிய நான்காண்டுத் திட்டத்தில் மாதம் 300 ரூபாய், குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இப்போதுள்ள விதியை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது, முன் அனுமதி எப்படி வாங்குவது என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்க வேண்டும், பில் வந்தபின் இல்லை. வீட்டில் நடக்க முடியாத பெற்றோர் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுத்தால் போதும்.

தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பார்வைக்கு வந்த ஒருவர் என்னிடம், "உட்கார்ந்து பாடம் நடத்துறீங்களே, இது வீடா?" என்று கேட்டிருக்கிறார். ஸ்டூலைத் திருப்பி அனுப்பியதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம். வகுப்பில் உயரமான ஸ்டூல் ஒன்று இருக்கட்டும். ஒரு காலைத் தூக்கி வைக்கச் செங்கல் உயரத்தில் ஒரு பலகை இருக்கட்டும், அதில் காலை மாற்றி மாற்றி வைத்தாலே இடுப்பு வளைவு குறைந்து நிற்கும் நேரம் கூடும். தரைத்தளத்தில் வகுப்பு ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள். வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு நாற்காலி போடுங்கள், காரணம் கேட்காதீர்கள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். போன மாதம் கம்பம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். ஸ்டூலுக்கு நன்றி சொன்னேன். அவனுக்கு ஞாபகமே இல்லை.

மருத்துவர் எனக்கு எழுதிக் கொடுத்த அந்தத் தாளை நகலெடுத்து வந்திருக்கிறேன், வாசல் மேசையில் இருக்கிறது. உங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்கும் ஒன்று எடுத்துப் போங்கள். அடுத்த புதன்கிழமை நான் மறுபரிசோதனைக்குக் க.விலக்கு போகிறேன். காலை எட்டு மணிக்கு உத்தமபாளையத்தில் பஸ் ஏறுவேன். யாருக்காவது தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், கூட வாருங்கள். மறக்காமல் எத்தனை கம்பம் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.